உயரத்தைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள்: முதல் மீன் தொட்டியின் அளவில் நடக்கும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மீனுக்குத் தீனி வாங்கக் கொளத்தூர் போயிருந்தேன். கடை வாசலில் ஒரு தம்பி, கொடுங்கையூரிலிருந்து நண்பனோடு பைக்கில் வந்திருந்தான். 1 அடி நீளம், 1 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு தொட்டியைப் பேசி முடித்து, அட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். ஏன் தம்பி இவ்வளவு உயரம் என்று கேட்டேன். "வீடு சின்னதுண்ணா, மூலையில நிறுத்திட்டா இடம் அடைக்காது" என்றான். நான் முதல் தொட்டி வாங்கியபோது வீட்டில் சொன்னதும் இதே காரணம்தான், வார்த்தை கூட மாறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்ட்ஃபிஷ் விடக்கூடாது, தொட்டியை வெயில் படும் ஜன்னலோரம் வைக்கக்கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இடம் அடைக்காது என்று உயரமான தொட்டி வாங்குவது

வடசென்னையில் நம் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டில், பீரோ, டிவி போக மிஞ்சுவது ஒரு மூலை. அந்த மூலையை அளந்து, அதற்கேற்ற தொட்டியைத் தேடுகிறோம். கடையிலும் உயரமான தொட்டிதான் பார்க்க அழகு. லிட்டர் கணக்கு கேட்டால் 56 லிட்டர் என்பார்கள், அதுவும் உண்மைதான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியும் அதே 56 லிட்டர்தான். அப்புறம் என்ன வித்தியாசம்?

மேல்பரப்பு. தண்ணீருக்குள் ஆக்சிஜன் போவது காற்றும் தண்ணீரும் தொடும் அந்த மேல்தளத்தின் வழியாகத்தான். ஏர் பம்ப் விடும் குமிழியும் பெரும்பாலும் மேல்தளத்தைக் கலக்கிவிட்டுத்தான் வேலை செய்கிறது. உயரமான தொட்டியில் மேல்பரப்பு 1 சதுர அடி, நீளமான தொட்டியில் 2 சதுர அடி. தண்ணீர் ஒரே அளவு, மூச்சு பாதி. நம் ஊர் வெயிலில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் தங்குமென்றால் 30 டிகிரியில் ஏழரைதான்.

கரண்ட் இருக்கும்வரை இது எதுவும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுதான் தெரிந்தது. வியாசர்பாடியில் நாங்கள் இருந்தது முதல் மாடி. கீழே தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் போய்விட்டது. முதல் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பது மீனும் மேலே வந்து, வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன, அந்த 1 சதுர அடியில் அவற்றுக்கு நிற்க இடமில்லை. மக்கில் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் மேலேயிருந்து ஊற்றி, மறுபடி மொண்டு ஊற்றி, விடியும்வரை நானும் என் மனைவியும் மாறி மாறிச் செய்தோம். அடுத்த நாளும் கரண்ட் வரவில்லை. கை ஓய்ந்து ஒரு மணி நேரம் கண் அசந்துவிட்டேன், எழுந்து பார்த்தால் இரண்டு ஏஞ்சல் மீன் கவிழ்ந்து கிடந்தன. கரண்ட் வந்தபோது ஒன்பதில் மூன்றுதான் மிச்சம்.

எதிர்வீட்டு அக்காவிடம் அதே கொள்ளளவில் 2 அடி நீளத் தொட்டி இருந்தது, மீன் என்னைவிட இரண்டு அதிகம். அவர் அவ்வப்போது கையை விட்டுக் கலக்கிவிட்டதோடு சரி. ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரே புயல், ஒரே மாடி, ஒரே 56 லிட்டர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அந்தத் தொட்டியை எனக்கு விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செலவும் அதிகம். தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு அழுத்தம் கீழ்க் கண்ணாடியில். அதனால் உயரத் தொட்டிக்குத் தடிமனான கண்ணாடி போட வேண்டும். 2 அடி ஆழத்தில் கல்லுக்குள் சிக்கிய குப்பையை எடுக்க வேண்டுமென்றால் தோள்வரை நனையும், அந்த அலுப்பில் வாரா வாரம் செய்ய வேண்டிய சுத்தம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் தண்ணீர் கெடும். மீனும் மேலும் கீழும் நீந்தும் பிராணி இல்லை. கப்பி, மோலி, ஜீப்ரா எல்லாம் குறுக்காக ஓடுபவை. 1 அடி ஓடினால் கண்ணாடி வந்துவிடுகிறது.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் அங்கேயே நின்று சொன்னேன். அவன் அம்மாவுக்கு போன் போட்டான். பீரோவுக்கும் வாசலுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கு என்று கேட்டான். அவர் கையால் அளந்துவிட்டு "மூணு சாணுக்கு மேலயே இருக்குடா" என்றார். 2 அடி தொட்டி தாராளமாக உட்காரும். கடைக்காரரும் நல்ல மனுஷர், கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்து மாற்றிக் கொடுத்தார்.

ஆகவே முதல் தொட்டிக்கு என் கணக்கு: நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி, மிஞ்சினால் 15 இன்ச். ரெடிமேடாக இல்லையென்றால் அளவு சொன்னால் ஒட்டித் தருவார்கள்.

கடையில் பார்த்த மீனை வைத்து அளவு முடிவு செய்வது

பாக்கெட்டில் விரல் நீளத்தில் இருக்கும் சக்கர் மீன், "தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று சொல்லிக் கொடுப்பார்களே, அது ஒன்றரை அடி வரை வளரும். ஆஸ்கர் 1 அடி. ஷார்க் என்ற பெயரில் கருப்பாகப் பளபளவென்று நீந்தும் குஞ்சு, பல நேரம் சாப்பாட்டுக்காக வளர்க்கும் பங்காசியஸ் கெளுத்தியாக இருக்கும், அது 3 அடியைத் தாண்டும். சாதாரண கோல்ட்ஃபிஷ்ஷே நன்றாக வளர்த்தால் முக்கால் அடி, 1 அடி போகும். "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்" என்பதை நம்பாதீர்கள். வளர்ச்சி நின்றுபோவது அழுக்குத் தண்ணீரில் உடம்பு கெடுவதால், அந்த மீன் சீக்கிரம் செத்தும் போகும். பெரிதானதும் ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது.

2 அடி தொட்டிக்கு ஆண் கப்பி எட்டு போதும். பெண்ணையும் சேர்த்தால் மாதம் ஒருமுறை குட்டி போடும், உங்கள் அளவுக் கணக்கு மூன்றே மாதத்தில் உடைந்துவிடும்.

வெளி அளவை லிட்டராக நினைப்பது

கல் போட்டு, மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டால் 56 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 45-தான் நிற்கும். மீனை அந்த 45-க்குக் கணக்குப் பண்ணுங்கள்.

தூக்கிக் கொண்டுவர முடியாத தண்ணீருக்குத் தொட்டி வாங்குவது

சின்னது தப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேராக 4 அடிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய தொட்டியில் தண்ணீர் சட்டென்று கெடாது, அது சரி. ஆனால் வாரம் கால் பங்கு மாற்ற வேண்டும். 45 லிட்டருக்கு அது ஒரு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 250 லிட்டருக்கு நாலு குடத்துக்கு மேல். லாரி வரும் நாள் பார்த்துப் பிடித்து, மூன்றாவது மாடிக்கு ஏற்றி, அதில் மீனுக்கு நாலு குடம் என்றால் வீட்டில் சண்டைதான் வரும். முதல் மாதம் செய்வீர்கள், அடுத்த மாதம் விட்டுவிடுவீர்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த பக்கெட்டில் வைக்க வேண்டும் அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும், பக்கெட் வைக்கவும் இடம் வேண்டுமே. திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மோலி தாங்கும், டெட்ரா மீன் தாங்காது.

எடை

1 லிட்டர் 1 கிலோ. கண்ணாடி, கல்லோடு 2 அடி தொட்டி 70 கிலோவுக்கு மேல் வரும். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஃபிரிட்ஜ் மேலும் வேண்டாம்.

தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குவது

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம், அதை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை எந்த அளவுத் தொட்டியும் சின்னத் தொட்டிதான்.

மூடி

கப்பி குதிக்கும். தொட்டி ஒட்டும்போதே மூடிக்கும் கண்ணாடி வெட்டச் சொல்லிவிடுங்கள்.