நீர் தேக்கிப் பார்த்த பிறகே கடைசித் தவணை

எங்கள் மொட்டைமாடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிய ஒப்பந்ததாரர், வேலை முடிந்த மறுநாளே முழுப் பணத்தையும் கேட்டு நெருக்கினார். மழை வந்தது, அதே மூலையில் மீண்டும் ஒழுகியது. "அது பழைய ஈரம்" என்றார். இந்தச் சாக்குக்கு இடமே கொடுக்காதீர்கள்.

பூச்சு முழுமையாக உலர்ந்ததும் வடிகுழாய் வாய்களை அடைத்து, தளத்தில் 2 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேக்கி, 24 மணி நேரமாவது விட்டுவையுங்கள். கீழே கூரையின் உட்புறத்தைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் இடமும் குழாய் துளைத்து இறங்கும் இடமும்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். 5 சென்டிமீட்டர் நீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. விரிசல் விட்ட பழைய தளமென்றால் பொறியாளரைக் கேட்காமல் தேக்க வேண்டாம்.

ஓட்டுக் கூரையில் இது நடக்காது. அங்கே குழாய் நீரைக் கீழ்விளிம்பில் தொடங்கி, சிறிது சிறிதாக மேல்நோக்கிப் பாய்ச்சுங்கள். நீர் நுழையும் இடம் பிடிபடும்.

இந்தச் சோதனையையும், அதில் தேறினால்தான் கடைசித் தவணை என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நேர்மையான ஒப்பந்ததாரர் இதற்குத் தயங்க மாட்டார்.