கரும்புகை கக்கிய போட் இன்ஜின்

தேவகோட்டையில் எனக்கு டீசல் பட்டறை. தொண்டியிலிருந்து வந்த போட்காரர், "அண்ணே, இழுவையே இல்லை, புகை கறுப்பாக் கக்குது" என்றார்.

கரும்புகை என்றால் டீசல் முழுசாக எரியவில்லை: காற்று போதவில்லை, டீசல் அதிகம், இல்லாவிட்டால் சுமை அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் எரியாத டீசலோ தண்ணீரோ. நிறத்தைப் பார்க்காமல் எடுத்ததுமே டீசல் பம்பைக் கழற்றுவது வீண் செலவு.

சுமையைக் கூட்டும்படி புரொப்பல்லரில் வலை எதுவும் சுற்றவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஓட்டினேன், மாற்றமில்லை. டீசலைத் தெளிக்கும் நாசிலைக் காரைக்குடியில் டெஸ்ட் செய்தோம், சீராகவே தெளித்தது. மிச்சம் எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் பாதைதான். புகையோடு கடல்தண்ணீர் கலக்கும் வளைந்த குழாயை, எல்போவைக் கழற்றினால், உள்ளே கரியும் உப்பும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. சுண்டுவிரல்கூட நுழையவில்லை. புகை வெளியேற வழியில்லாதபோது புதுக்காற்று எப்படி உள்ளே வரும்?

உளியால் கொத்தினேன், அப்புறம்தான் தெரிந்தது, உட்சுவரே அரித்து மெலிந்திருந்தது. அது ஓட்டையானால் கடல்தண்ணீர் சிலிண்டருக்கே போய்விடும். அதனால் சுத்தம் செய்து மாட்டாமல் புதுசே போடச் சொன்னேன்.

கடலில் ஓட்டியபோது இன்ஜின் சுற்றும் வேகம், அந்தப் பழைய ஆர்பிஎம் வந்தது. வேகம் கூட்டும் நொடியில் மட்டும் லேசான புகை. சரி, அது இருக்கத்தான் செய்யும்.