சோற்றைக் கைவிடாமல் எடையைக் குறைக்கும் வழி

ராமேசுவரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் விடியலில் கரைக்குத் திரும்புகின்றன. மீன் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு அந்த மறுநாட்களில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. எடை, ஐஸ், லாரி எல்லாம் முடிவதற்குள் உச்சிப்பொழுதாகிவிடும். இப்படி ஓடுகிறவர்களிடம், எடை குறைய மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) அடியோடு நிறுத்தச் சொன்னால் நடக்காது. எந்த வேளைக்கு எவ்வளவு என்று முதல் நாள் இரவே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் கைவைக்க வேண்டியது டீயில். இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் ஒரு டம்ளருக்கு 8 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து. கரையில் யாராவது வாங்கிக் கொடுத்தே நான்கு டீ உள்ளே போய்விடும். 100 கிராம் சோற்றில் இருப்பதைத் தாண்டிய கணக்கு அது, வயிறும் நிறையாது. கடைக்காரரிடம் ஒரு முறை சொல்லிவையுங்கள், பிறகு அவரே சீனி போட மாட்டார். கருப்பட்டி நல்லதுதானே என்று எங்கள் பக்கம் கட்டாயம் கேட்பார்கள். பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான்.

அடுத்து, வீட்டுச் சோற்றுக் கரண்டியை ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். இறால் நிறுக்கும் மேசைத் தராசில் நான் சோற்றை வைத்தபோது கம்பெனியே சிரித்தது. எங்கள் கரண்டிக்கு 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மதியம் இரண்டு கரண்டி, அதோடு அன்றைய சோறு முடிந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் நாளின் மொத்தச் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. கேழ்வரகுக்கு மாறினால் அளவு பார்க்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. மாவுச்சத்து அதிலும் நிறையவே இருக்கிறது.

மீனில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். விலை மலிந்த சூடையோ காரலோ போதும். மண்சட்டியில் நசுக்கிய பூண்டு, மஞ்சள், இரண்டு குண்டு மிளகாய், கொஞ்சம் புளிக்கரைசல், உப்பு. கொதி வந்ததும் மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் அசைத்து, நீர் சுண்டி அடியில் செம்மண் நிறத்தில் ஒட்டும்போது இறக்குங்கள். இரவே செய்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் சுடவைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஒன்பது மணிக்கு நாலு வாய் மீனும் ஒரு முட்டையும் உள்ளே போனால் பரோட்டாக் கடை வாசனை அவ்வளவாக இழுக்காது. மதியமும் மீன், காய் முதலில், சோறு பிறகு.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை கையைக் கடிக்கும். அப்போது முட்டையும் தட்டைப்பயறும் கைகொடுக்கும். பயற்றிலும் மாவுச்சத்து உண்டென்பதால் அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம், பெரும்பாலும் நீர்தான். பதநீர் இனிப்பு, அரை டம்ளரோடு நிறுத்துங்கள். கருவாட்டை ஊறவைத்து இரண்டு முறை அலசிய பிறகே சட்டியில் போடுங்கள்; ரத்தக்கொதிப்பு இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.