ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துக்கூட்டலை நம்பித் தேடுவதுதான் முதல் தவறு. ‘நாங்கள் மேக்டொனால்ட், அவர்கள் மெக்டொனால்ட், வேறு குடும்பம்’ என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். பழைய பதிவேட்டில் பெயரை எழுதியது குடும்பத்தார் அல்ல, திருச்சபை எழுத்தர். காதில் விழுந்ததை அவர் எழுதினார். உடன்பிறந்த மூவரின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பது சர்வசாதாரணம். ‘மேக்’, ‘மெக்’ என்ற முன்னொட்டே இல்லாத வடிவத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

சில பெயர்கள் அரசாணையால் மறைந்தவை. மெக்ரெகர் என்ற பெயருக்கு 1603இல் தடை விதிக்கப்பட்டது. 1661இல் நீங்கி, 1693இல் திரும்ப வந்த அந்தத் தடை 1774இல்தான் முற்றிலும் ஒழிந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் கேம்பெல், டிரம்மண்ட், மர்ரே என்ற பெயர்களில் வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ஸ்காட்லாந்துக் கலகக்காரர் ராப் ராய் மெக்ரெகரே தாய்வழிப் பெயரான கேம்பெல்லைப் பயன்படுத்தியவர். அதற்காகக் கண்ணில்படும் கேம்பெல்களையெல்லாம் மெக்ரெகர் ஆக்கிவிடவும் கூடாது. ஊரும் உறவும் பொருந்தினால்தான் அது சான்று.

குலத்தலைவரிடம் தொடங்கிக் கீழே இறங்கி வருவது இன்னொரு பெரும் பிழை. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவர் பெயரைச் சூடிக்கொண்டார்கள். பெயர் ஒன்றாக இருப்பது இரத்த உறவுக்கு ஆதாரம் ஆகாது. தெரிந்த ஆளிடமிருந்து பின்னோக்கிப் போவதே சரி.

அப்படிப் போகும்போது 1855 ஒரு புதையல். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புகளின் கட்டாய அரசுப் பதிவு அந்த ஆண்டின் ஜனவரி 1 அன்று தொடங்கியது. அவ்வாண்டுப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணமுடித்த நாளும் இடமும், முன்பு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை என எல்லாம் இருக்கும். பதிவாளர்களுக்குச் சுமையாகிவிட்டதால் மறு ஆண்டே விவரங்களைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே நேரடி முன்னோருக்கு 1855இல் பதிவு இல்லாவிட்டால், அவருடைய தம்பி தங்கைகளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயர்கள், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, இருக்கும். 1860இல் எண்பது வயதில் இறந்தவரின் பதிவு உங்களை 18ஆம் நூற்றாண்டுக்கே அழைத்துப் போகும். ஆனால் தகவல் தந்து கையெழுத்திட்டவர் யார் என்பதைப் பார்க்காமல் நம்பாதீர்கள். மகன் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் ஒன்றாகாது.

1841 மக்கள்தொகைக் கணக்கின் வயதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

1855க்கு முந்தைய பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. அவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஏடுகள். 1843இல் பிரிந்த சுதந்திரத் திருச்சபையினரும் கத்தோலிக்கரும் வேறு ஏடுகளில் இருக்கலாம். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால், ஏழைகள் பலர் பதியாமலே விட்டார்கள். அந்த ஆண்டுகளில் ஞானஸ்நானப் பதிவு கிடைக்காவிட்டால், அடுத்து அந்த ஊர்த் திருச்சபை நிர்வாகக் குழுவின் ஏடுகளைப் புரட்டுங்கள்.