பனிமூட்டத்தில் ஏறிய நியூட்ரான் கணக்கு
நுவரெலியாவில் தேயிலை மலையில் மண் ஈரம் அளக்க வைத்த ஹீலியம்-3 குழாய் (நியூட்ரான்களை எண்ணும் கருவி) நாலு நாளாக என்னை அலைக்கழித்தது. மண் நனைந்தால் நியூட்ரான் எண்ணிக்கை குறையவேண்டும், எங்களுக்கோ பின்னேரம் பனிமூட்டம் இறங்கியதும் எகிறியது. பவர் சப்ளையை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், குழாயே போய்விட்டது என்றும் நினைத்தேன்.

அப்புறம்தான் துடிப்பு உயர வரைபடத்தை, அதாவது குழாய் தரும் மின்துடிப்புகளில் எந்த ஆற்றலில் எத்தனை என்று காட்டும் படத்தைப் பார்த்தேன். நியூட்ரான் பிடிபட்டால் வரும் 764 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகடு அப்படியே இருக்கிறது, கூடியதெல்லாம் நியூட்ரான் துடிப்புகளின் கீழ் எல்லையான 191க்கும் கீழே, மின் இரைச்சல் பக்கம். சரி, இது நியூட்ரான் இல்லை. ஹை வோல்டேஜை அணைத்துவிட்டு (மறக்காதீர்கள்) கனெக்டரைக் கழற்றினால், வெள்ளை இன்சுலேட்டரில் மெல்லிய ஈரப்படலம், அதன் நடுவே என் கைரேகை! அதன் வழியே மின்சாரம் கசிந்துதான் அந்தப் பொய்த் துடிப்புகள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியை மூடினேன். அன்றிரவு பனி கொட்டியும் எண்ணிக்கை ஏறவில்லை. அப்பாடா.