உரவாளி நாற்றம்: கோளாறு அடியில் இருந்தது

காய்கறித் தோல் குப்பைக்கிடங்குக்குப் போக வேண்டாம் என்று மூடி போட்ட வாளியில் அதை மட்கவைத்து உரம் தயாரிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் அழுகிய முட்டை நாற்றம். கிளறினால் கறுப்புக் கூழ்.

ஈரம்தான் காரணம் என்று தோல்களை வெயிலில் வாட்டிப் போட்டேன். இரண்டு நாள் பரவாயில்லை, பிறகு பழைய கதை. சாம்பல் தூவினேன், அம்மோனியா நெடியும் சேர்ந்துகொண்டது. காரத்தன்மை கூடினால் அப்படித்தான் ஆகும், எனக்குப் பிறகுதான் உறைத்தது. கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்ப் பொடி போட்டதும் வீண். காற்றே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்?

வாளியை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. அடியில் நான் போட்ட ஓட்டைகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. நீர் வடியவும் வழியில்லை, காற்று ஏறவும் வழியில்லை. போதாக்குறைக்கு, பழத்தில் ஒட்டி வரும் ஸ்டிக்கர்கள் இரண்டு ஓட்டைகளை அடைத்திருந்தன. பிளாஸ்டிக், மட்கவே மட்காது.

வாளியை இரண்டு செங்கல் மேல் ஏற்றினேன். பக்கவாட்டிலும் துளையிட்டேன். அடியில் குச்சிகள், அதன்மேல் ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் கிழித்த அட்டை. வழவழப்பான அட்டை வேண்டாம், அதில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கலாம்.

நான்காம் நாள் நாற்றம் போச்சு. அப்பாடா! இப்போது நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது.