காதுக்கல்லை வைத்து மீன் கூட்டங்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனின் காதுக்குள் இருக்கும் ஓட்டோலித் என்ற சிறு கல், பெரும்பாலும் அரகோனைட் வடிவக் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. மீன் வளர வளர அடுக்கடுக்காகப் படியும். படிந்தது பொதுவாகத் திரும்பக் கரைவதில்லை. நீரில் உள்ள ஸ்ட்ரான்ஷியம், பேரியம் போன்றவையும் கூடவே சேர்வதால், அந்த மீன் எந்த நீரில் வாழ்ந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

இந்தத் தடயத்தை மரபணுச் சான்று மாதிரி படிப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. கற்கள் வேறுபட்டால் மீன்கள் வாழ்ந்த சூழல் வேறு, அவ்வளவுதான். வேறுபடாவிட்டால் ஒரே கூட்டம் என்றும் சொல்ல முடியாது; இரண்டு கூட்டங்கள் ஒரேமாதிரி நீரில் வளர்ந்திருக்கலாம்.

எந்தப் பகுதியை அளக்கிறோம் என்பது அடுத்த சிக்கல். முழுக் கல்லையும் கரைத்தால் கிடைப்பது வாழ்நாள் சராசரி. பிறந்த இடம் தெரிய வேண்டுமென்றால் மையப் பகுதியைத்தான் எடுக்க வேண்டும். அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையில் இப்படித்தான் செய்கிறார்கள்: முதல் ஆண்டில் படிந்த பகுதியின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களைப் பார்த்து, மெக்சிகோ வளைகுடாவில் பிறந்ததையும் மத்தியதரைக் கடலில் பிறந்ததையும் பிரிக்கிறார்கள். ஆவியாதல் மிகுந்த மத்தியதரைக் கடல் நீரில் கனமான ஆக்சிஜன்-18 கூடுதல். ஆனால் மையத்திலும் ஒரு பொறி உண்டு. பல மீன்களில் அங்கே மாங்கனீசு இயல்பாகவே அதிகம். அது இடத்தின் அடையாளம் அல்ல.

ஒரு வருடம் சேகரித்த அடையாளத்தை எல்லா வருடத்துக்கும் பயன்படுத்துவதுதான், என் பார்வையில், மிக ஆபத்தான தவறு. மழை, ஆற்று நீர்வரத்து, வெப்பம் மாறினால் அதே கழிமுகத்தின் வேதி அடையாளமும் மாறும். இந்த வருடத்துக் குஞ்சுகளை வைத்து ஐந்து வயது மீன் எங்கே பிறந்தது என்று தேடக் கூடாது. அது பிறந்த வருடத்துக் குஞ்சுகளோடுதான் ஒப்பிட வேண்டும். பிறப்பிடங்களில் ஒன்றை விட்டுவிட்டாலும் இதே கதிதான். சாதாரண வகைப்படுத்தும் முறை, அந்த விடுபட்ட இடத்து மீனையும் தெரிந்த இடங்களில் ஒன்றில் தள்ளிவிடும், எச்சரிக்கை எதுவும் தராது.

பெரிய மீன்களை ஒரு பக்கமும் சிறியவற்றை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு இடத்தினாலா வளர்ச்சியினாலா என்று பிரிக்க முடியாது. பொரிப்பகத்து மீன்களில் அடிக்கடி வரும் வாட்டரைட் (அரகோனைட்டுக்குப் பதில் வேறு படிக வடிவில் படிந்த கால்சியம் கார்பனேட்) கற்களையும் ஒதுக்கிவிடுங்கள்: அவற்றில் ஸ்ட்ரான்ஷியம் குறைவு, மக்னீசியம் அதிகம்.

மீனைப் பதப்படுத்த ஃபார்மலின் பக்கமே போக வேண்டாம், அமிலமானால் கல்லையே அரிக்கும். உலோக இடுக்கியும் வேண்டாம், துத்தநாகமும் செம்பும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். கருவியில் ஓர் இடத்து மாதிரிகளை மொத்தமாக முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகாமல், கலந்து ஓட்டுங்கள். கருவியின் அளவீடு நேரம் போகப் போகச் சற்று நகரும். அந்த நகர்வே இரண்டு கூட்டமாகத் தெரியும்.

கடைசியில், எத்தனை மீன்கள் சரியான இடத்தில் வகைப்பட்டன என்று காட்டும் சதவீதம். 60% சரியாக வகைப்பட்டது என்றால், ஆறு இடங்களுக்கு நடுவே அது நல்ல முடிவு. இரண்டே இடங்கள் என்றால் நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். அந்த 60%கூட, வகைப்படுத்தும் விதியை உருவாக்கப் பயன்படுத்தாத மீன்களில் சோதித்ததா என்று பாருங்கள்.